விளம்பரம் வாங்கும் கையும் செய்தி எழுதும் கையும்

கேள்வி: நான் ஒரு தமிழ் நாளிதழின் பகுதி நேர நிருபர். தாலுகா தலைநகர் ஒன்றில் ஆறு வருடமாக வேலை. மாதம் தரும் சன்மானம் பெட்ரோலுக்கே போய்விடும். நான் பிடித்துத் தரும் விளம்பரங்களுக்கான கமிஷனில்தான் வீடு ஓடுகிறது. தீபாவளி மலருக்கு எங்கள் ஊர்த் தனியார் மருத்துவமனையிடம் முழுப்பக்கம் வாங்கினேன். கூடவே அதன் உரிமையாளரைப் பற்றி ‘சாதனை மருத்துவர்’ என்று ஒரு கட்டுரை, என் பெயரிலேயே வந்தது. இரண்டு வாரம் கழித்து ஏரிக்கரையில் மருத்துவக் கழிவு மூட்டைகள் கிடந்தன. படம் எடுத்துச் செய்தி அனுப்பினேன். வரவில்லை. மாவட்ட நிருபரைக் கேட்டால், “பொங்கல் விளம்பரம் பேசிட்டிருக்கோம், கொஞ்சம் பொறுத்துக்கப்பா” என்கிறார். ஆஸ்பத்திரி மேலாளர் போனில், “நீங்க நம்ம ஆளாச்சே” என்று சிரிக்கிறார். நான் என்ன செய்யட்டும் ஐயா? நேர்மை என்பது பெரிய சம்பளக்காரர்களுக்கு மட்டும்தானா? (பெயர், ஊர் வேண்டாம்.)

அன்புள்ள தம்பிக்கு,

‘நீங்க நம்ம ஆளாச்சே’ என்ற வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் செய்தி டெஸ்கில் உட்கார்ந்தவன் நான். மிரட்டல் கேட்டிருக்கிறேன், வக்கீல் நோட்டீஸ் வாங்கியிருக்கிறேன். அதற்கெல்லாம் நிமிர்ந்து நின்ற பல பேர் இந்த மூன்று வார்த்தைக்குக் குனிந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அவர்களில் நானும் ஒருவன். அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கோபத்தில் கேட்டிருக்கிறீர்கள், கோபம் நியாயமானது. தலைமை அலுவலகத்தில் தலையங்கம் எழுதுபவர் விளம்பரப் பிரிவு எந்த மாடியில் இருக்கிறது என்று தெரியாமலே காலம் தள்ளிவிடலாம். அவருக்கு நிர்வாகமே ஒரு சுவர் கட்டிக் கொடுத்திருக்கிறது. உங்களுக்குச் சுவரும் இல்லை, மாடியும் இல்லை. ஒரு டூவீலர், ஒரு பை. பையின் ஒரு அறையில் குறிப்பு நோட்டு, இன்னொன்றில் விளம்பரக் கட்டண அட்டை. காலையில் விபத்துச் செய்திக்காகப் போய் உட்கார்ந்த அதே நாற்காலியில் சாயங்காலம் உட்கார்ந்து, “கால் பக்கமாவது போடுங்க டாக்டர்” என்று கேட்க வேண்டும்.

இது உங்கள் ஒருவருடைய குறை என்று நினைத்து மனதுக்குள் புழுங்காதீர்கள். 2009 மக்களவைத் தேர்தலிலும் அதே ஆண்டு மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தலிலும் காசு வாங்கிக்கொண்டு வேட்பாளர்களைப் பற்றிச் செய்தி போட்ட விவகாரம் வெடித்தது. இந்தியப் பத்திரிகை கவுன்சில் பரஞ்சாய் குஹா தாக்குர்தா, கே. சீனிவாச ரெட்டி ஆகிய இரு பத்திரிகையாளர்களையும் விசாரிக்கச் சொன்னது. 2010-ல் அவர்கள் கொடுத்த அறிக்கை 71 பக்கம். பெரிய நிறுவனங்களின் பெயர்களோடு நின்றுவிடாமல் உங்கள் நிலைமைக்கும் அதில் இடம் கொடுத்தார்கள். நிருபருக்குச் சம்பளமோ சன்மானமோ தருவதற்குப் பதிலாக விளம்பரம் பிடித்துக் கமிஷனில் பிழைத்துக்கொள் என்று விடும் வழக்கம் ஒழிய வேண்டும் என்று எழுதினார்கள். கவுன்சிலில் பத்திரிகை முதலாளிகளுக்கும் இடம் உண்டல்லவா? முழு அறிக்கையை உள்ளே வைத்துவிட்டுச் சுருக்கம் ஒன்றைத்தான் வெளியிட்டார்கள். மத்திய தகவல் ஆணையம் தலையிட்ட பிறகு 2011-ல் முழுசும் வெளியே வந்தது. வந்தும் உங்கள் சன்மானம் ஏறவில்லை.

விளம்பரமே பாவம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. தென்னாப்பிரிக்காவில் ‘இந்தியன் ஒப்பினியன்’ நடத்தியபோது காந்தி விளம்பரத்தையே நிறுத்திவிட்டுச் சந்தாதாரர்களை நம்பினார். அது காந்தி. நம் நாளிதழ் கடையில் விற்கிற விலையில் காகிதக் காசே தேறாது. பக்கத்துக்கு இவ்வளவு விலை, விளம்பரத்துக்கு இவ்வளவுதான் இடம் என்று மத்திய அரசு 1956-ல் சட்டமும் 1960-ல் ஆணையும் கொண்டுவந்தது. புனேயின் மராத்தி நாளிதழான ‘சகால்’ உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. விளம்பரத்தைக் குறைத்தால் விலையை ஏற்ற வேண்டிவரும், விலை ஏறினால் படிப்பவர் குறைவார்கள், அது பேச்சுரிமையிலேயே கை வைப்பது என்று சொல்லி நீதிமன்றம் அந்தச் சட்டமும் ஆணையும் செல்லாது என்றது. விளம்பரம் பத்திரிகைக்கு உயிர் கொடுக்கிறது. நீங்கள் முழுப்பக்கம் வாங்கியதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ராத்திரி டெஸ்கில் பக்கத்தின் டம்மி, அதாவது எது எங்கே என்று கட்டம் போட்ட மாதிரித் தாள், வரும்போது பார்த்திருப்பீர்கள். முதலில் விளம்பரக் கட்டங்களைத்தான் போட்டு அனுப்புவார்கள். மிச்சம் இருக்கும் வெள்ளை இடம் செய்திக்கு. நாலு பத்தி அகலம், இருபது சென்டிமீட்டர் உயரம் என்று ஒருவர் பணம் கட்டினால் அந்தக் கட்டம் அவருடையது. அதற்குள் சட்டத்துக்கு உட்பட்டு என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். கோட்டுக்கு வெளியே ஒரு மில்லிமீட்டர்கூட அவருக்கு விற்கப்படவில்லை. உங்கள் ஊர் மருத்துவமனை வெளியேயும் கொஞ்சம் வாங்கிவிட்டது. அந்த ‘சாதனை மருத்துவர்’ கட்டுரைக்கு விலை உங்கள் பெயர்.

நானும் அப்படி ஒன்று விற்றேன். தொண்ணூறுகளின் நடுவில் தமிழ்நாட்டில் நிதி நிறுவனங்கள் மழைக்காளான் மாதிரி முளைத்த காலம். 24 சதவீத வட்டி, 30 சதவீத வட்டி, தேக்கு நட்டுத் தருகிறோம் என்று தினமும் முழுப்பக்கங்கள். நான் அப்போது உதவி ஆசிரியர். ஒரு நிறுவனத்தின் ஆண்டு விழாவுக்கு நாலு பக்க இணைப்பு. விளம்பர மேலாளர் ஒரு கட்டுரையை என் மேசையில் வைத்து, “தமிழை மட்டும் கொஞ்சம் பார்த்துடுங்க” என்றார். தமிழை மட்டும் பார்த்தேன். நிறுவனர் சைக்கிளில் தொடங்கி உயர்ந்த கதை அது. தட்டையாக இருந்த தலைப்பை எடுத்துவிட்டு ‘நம்பிக்கை நாயகன்’ என்று வைத்தேன். பக்கத்தின் தலையில் ‘விளம்பரம்’ என்ற சொல் இல்லை. போட்டால் பக்கம் அழகாக இருக்காது என்றார்கள். சரி என்றேன்.

ஒன்றரை வருடத்தில் அந்த அலுவலகத்துக்குப் பூட்டு. பிறகு ஒரு நாள் காலையில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கையில் மஞ்சள் பை. டெபாசிட் ரசீதை எடுத்தார், அதோடு நாலாக மடித்த எங்கள் பக்கத்தையும் எடுத்தார். மடிப்பில் தாள் விட்டுப் போயிருந்தது. பின்பக்கம் செல்லோடேப் ஒட்டியிருந்தார். வரவேற்பில் இருந்த பையன், “அது விளம்பரம் சார், நாங்க பொறுப்பில்ல” என்று மனப்பாடம் செய்ததைச் சொன்னான். பெரியவர் சத்தம் போடவில்லை. “விளம்பரத்த நான் நம்பமாட்டேன் தம்பி. இது நீங்க எழுதினதுதானே?” என்று தலைப்பைத் தொட்டுக் காட்டினார். நான் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இறங்கிப் போகவில்லை.

அதே வருடங்களில் கூட்டம் கூட்டமாக மக்கள் ஏமாந்து, 1997-ல் டெபாசிட்தாரர் நலன் காக்கும் சட்டத்தைத் தமிழக அரசு கொண்டுவந்தது. எங்கள் இணைப்புக்கு எந்தச் சட்டமும் வரவில்லை.

அந்தப் பெரியவர் சொன்னதைத் திருப்பிப் பாருங்கள், உங்கள் கட்டுரையின் வியாபாரம் புரியும். விளம்பரத்தை மக்கள் பாதி நம்புவார்கள், நிருபர் எழுதினால் முக்கால்வாசி நம்புவார்கள். அதனால்தான் செய்தி வேஷம் போட்ட விளம்பரத்துக்குக் கூடுதல் மதிப்பு. மருத்துவத் துறையில் இன்னொரு காரணமும் உண்டு. 2002-ம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள் நோயாளிகளைப் பிடிக்க விளம்பரம் செய்வதை நெறிகேடு என்கின்றன. செய்த ஆபரேஷனையும் குணப்படுத்தியதையும் பெருமையடித்துச் செய்தி வரவிடுவதும் கூடாது. புதிதாக மருத்துவமனை தொடங்கினேன், முகவரி மாறினேன், வெளியூர் போய்த் திரும்பினேன் என்பது போன்ற அறிவிப்புகளுக்கு மட்டும் அனுமதி. விளம்பரமாகப் போட்டால் மருத்துவ கவுன்சில் கேள்வி கேட்கும். ‘சாதனை மருத்துவர்’ என்று நிருபர் வியந்து எழுதினால் யார் கேட்பார்? அவர் தன் விதியைத் தாண்டுவதற்கு உங்கள் தோளில் கால் வைத்திருக்கிறார்.

ஆகவே இனி இப்படி ஒரு கட்டுரை கேட்டால், பெயர் போடாதீர்கள். நிருபர் என்ற அடையாளமும் வேண்டாம். எழுத்துரு செய்திப் பக்கத்திலிருந்து வேறாக இருக்க வேண்டும், தலையில் ‘விளம்பரம்’ என்று மூக்குக்கண்ணாடி இல்லாமலும் தெரிகிற அளவில் போட வேண்டும் என்று கேளுங்கள். ‘சிறப்புப் பகுதி’, ‘வர்த்தகச் செய்தி’ எல்லாம் ஒளித்து வைப்பதற்கென்றே கண்டுபிடித்த வார்த்தைகள். விளம்பரமும் செய்தியும் பார்த்தவுடன் பிரித்தறியும்படி இருக்க வேண்டும் என்பது பத்திரிகை கவுன்சிலின் நெறிமுறையிலேயே இருக்கிறது. கவுன்சிலுக்குக் கண்டிக்க மட்டும்தான் அதிகாரம் என்பதும் எல்லோருக்கும் தெரியும். 2007 உத்தரப் பிரதேசத் தேர்தலில் பிசௌலி தொகுதியில் வென்ற உம்லேஷ் யாதவைப் பற்றி இரண்டு இந்தி நாளிதழ்களில் வந்த ‘செய்தி’ காசு கொடுத்துப் போட்டது என்று புகார் வந்தது. கவுன்சில் நாளிதழ்களைக் குறை சொன்னதோடு சரி. அந்தச் செலவைக் கணக்கில் காட்டவில்லை என்று 2011 அக்டோபரில் தேர்தல் ஆணையம் அவரை மூன்று ஆண்டுக்குத் தகுதி நீக்கம் செய்தது. பதவி போனது வாங்கியவருக்கு. விற்றவர்கள் மறுநாளும் பேப்பர் போட்டார்கள்.

பெரிய சம்பளக்காரர்களின் சுவரும் தானாக நிற்பதில்லை என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். 1999 அக்டோபர் 10 அன்று ‘லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்’ தன் ஞாயிறு இதழை முழுக்க முழுக்க நகரில் புதிதாகத் திறந்த ஸ்டேபிள்ஸ் சென்டர் விளையாட்டரங்குக்கு ஒதுக்கியது. அந்த இதழின் விளம்பர லாபத்தை அரங்கத்தோடு பங்கு போட நிர்வாகம் ஒப்பந்தம் செய்திருந்தது. எழுதிய நிருபர்களுக்கு இது தெரியாது. தெரிந்தபோது முந்நூறு பேருக்கு மேல் கையெழுத்திட்டு நிர்வாகத்தைக் கேள்வி கேட்டார்கள். அந்த நாளிதழைத் தலைமுறைகளாக நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த முன்னாள் வெளியீட்டாளர் ஓடிஸ் சாண்ட்லர் கண்டனக் கடிதம் அனுப்பினார். அது செய்தி அறையிலேயே உரக்கப் படிக்கப்பட்டது. டிசம்பர் 20 அன்று அதே பத்திரிகை, தன் நிருபர் டேவிட் ஷா தன்னைப் பற்றியே விசாரித்து எழுதிய 14 பக்கச் சிறப்புப் பகுதியை வெளியிட்டது. நம்மூரில் ஒரு நாளிதழ் தன்னைப் பற்றி 14 வரி எழுதுமா என்று நினைத்துப் பார்க்கிறேன், சிரிப்புதான் வருகிறது. அவர்கள் முந்நூறு பேர் இருந்தார்கள். உங்கள் தாலுகாவில் நீங்கள் ஒருவர். ஆனால் அவர்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும்: பணம் யாரிடமிருந்து வந்தது, யார் கை வழியாக வந்தது.

இனி ஏரிக்கரைக்கு வருவோம்.

உங்கள் செய்தியைப் படிக்காமலே ஒன்று கேட்கிறேன். அந்த மூட்டை அந்த மருத்துவமனையுடையது என்று எப்படித் தெரியும்? ஊரில் பெரிய ஆஸ்பத்திரி அது ஒன்றுதான் என்பது ஆதாரம் ஆகாது. லேப் இருக்கும், பல் மருத்துவர் இருப்பார், பக்கத்து ஊர் வேன் வந்து கொட்டிப் போயிருக்கும். செய்தியை நிறுத்தக் காரணம் தேடுபவருக்கு இந்த ஒரு ஓட்டை போதும். அடைத்துவிடுங்கள். 2016-ம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி கழிவை வகை பிரித்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று தனித்தனியாகப் போட வேண்டும். பைக்கு பார்கோடு உண்டு, அனுப்பியவர் யார் என்ற லேபிளும் உண்டு. ரத்தம் பட்ட பஞ்சு, உடலுறுப்புக் கழிவு போன்றவற்றைச் சுத்திகரிக்காமல் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம், இந்த மருத்துவமனையின் கழிவை எந்தப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் எடுக்கிறது, கடைசியாக எப்போது எடுத்தது என்று எழுத்தில் கேளுங்கள். கேள்வி போனாலே பாதி வேலை நடக்கும். வாரியம் ஆய்வுக்கு வந்து நோட்டீஸ் கொடுத்தால் அது அரசு நடவடிக்கை. ‘கொஞ்சம் பொறுத்துக்கப்பா’ என்று சொல்லி அதை நிறுத்துவது கஷ்டம், ஏனென்றால் மற்றப் பத்திரிகைக்காரனும் அங்கே நிற்பான்.

போனில் சிரிக்கும் மேலாளருக்குக் கேள்விகளை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். பதிலுக்கு நாளும் நேரமும் குறிப்பிடுங்கள். அந்தச் செய்தியில் விளம்பரத்தைப் பற்றி அரை வார்த்தை இருக்கக் கூடாது. நல்லவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். பொங்கல் விளம்பரப் பேச்சு நடக்கும் நேரத்தில் அதே ஆள் கழிவுக் கேள்வியோடு போனால், ‘விளம்பரத்துக்கு மிரட்டுகிறான்’ என்று சொல்ல அவர்களுக்கு வாய் இருக்கிறது. நம் தொழிலில் அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், ஊருக்கும் அது தெரியும். அதனால் நீங்கள் உண்மையாகவே எழுதினாலும் நம்பமாட்டார்கள். விளம்பரம் வாங்கும் கை நல்ல செய்தியை மட்டும் கெடுக்கும் என்று நினைப்போம். கெட்ட செய்தியையும் அது கெடுத்துவிடும்.

எனவே செய்தியைத் திரும்ப அனுப்புவதற்கு முன்னால் மாவட்ட நிருபருக்கும் விளம்பரப் பிரிவுக்கும் ஒரு மெயில் போடுங்கள். ‘இந்த மருத்துவமனையின் விளம்பரத்தை இனி விளம்பரப் பிரிவே நேரடியாகப் பேசிக்கொள்ளட்டும். எனக்குக் கமிஷன் வேண்டாம்.’ இரண்டே வரி. புகார், புலம்பல் எதுவும் வேண்டாம். ஒரு கமிஷன் போகும், வலிக்கும். மறுநாள் செய்தியை, வாரியத்தின் பதிலோடும் மருத்துவமனையின் பதிலோடும், மாவட்ட நிருபருக்கு அனுப்பிச் செய்தி ஆசிரியருக்கும் ஒரு நகல் வையுங்கள். அப்புறமும் வராவிட்டால்? வராமலும் போகலாம். அதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றுகிறவன். படத்தை ரகசியமாக எதிர்ப் பத்திரிகைக்குக் கொடுக்கச் சிலர் சொல்வார்கள். கொடுத்தவர்களை நான் திட்டியதில்லை. நீங்கள் செய்யாதீர்கள், சின்ன ஊர், இரண்டு நாளில் தெரிந்துவிடும்.

செய்தி வந்தாலும் பெயர் வருமா என்பது அடுத்த சண்டை. ‘தனியார் மருத்துவமனை’ என்று மாற்றுவார்கள். நம் பத்திரிகைத் தமிழில் ‘பிரபல’ என்று ஒரு சொல் இருக்கிறதே, அதைப் போல வேலை செய்யும் சொல் வேறு இல்லை. பிரபல ஜவுளிக்கடையில் தீ, பிரபல நகைக்கடையில் சோதனை. பெட்டிக்கடைக்காரர் குட்கா விற்றுப் பிடிபட்டால் மட்டும் பெயர், தகப்பன் பெயர், வயது, தெரு எல்லாம் வரும். பிரபலமானவருக்குப் பெயர் கிடையாது, பெயர் தெரியாதவருக்கு முழு விலாசம். நான் எத்தனையோ முறை அந்தச் சொல்லைப் போட்டிருக்கிறேன். லேபிள் ஆதாரமும் வாரியத்தின் பதிலும் கையில் இருந்தால் பெயருக்காக வாதாடுங்கள், இல்லாவிட்டால் ‘தனியார் மருத்துவமனை’யோடு இப்போதைக்கு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கமிஷன் விஷயம். விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது, உங்கள் வீட்டு அரிசிக்கு நான் பொறுப்பு ஏற்க முடியாது. ஆனால் பிரித்துக்கொள்ளலாம். கண்ணீர் அஞ்சலி, திருமண வாழ்த்து, கும்பாபிஷேக அழைப்பு, வரி விளம்பரம், மளிகைக் கடையின் தீபாவளி வாழ்த்து, இவற்றில் உங்கள் பேனாவுக்குப் பெரிய வேலை வராது. மருத்துவமனை, தனியார் பள்ளி கல்லூரி, ரியல் எஸ்டேட், நிதி நிறுவனம், குவாரி, கட்சிக்காரர், இவர்களிடம் நீங்கள் போகாதீர்கள். என்றைக்காவது இவர்களைப் பற்றி எழுத வேண்டியிருக்கும். தேர்தல் நேரத்தில் வேட்பாளர் பக்கமே தலை வைக்காதீர்கள், மாவட்டத்துக்கு மாவட்டம் ஊடகக் கண்காணிப்புக் குழு உட்கார்ந்திருக்கிறது. மனைவி பெயரில் ஏஜென்சி போட்டு அதே கமிஷனை வாங்குவது சிலர் செய்கிற வழி. சட்டைப் பை மாறும், ஆள் மாறுவதில்லை.

வருமானத்தில் பெரிய பங்கு நான் விலக்கச் சொன்ன பட்டியலில்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அரைகுறைத் தீர்வுதான். ஒரே நாளில் முடியாது. இந்த மருத்துவமனையில் தொடங்குங்கள், அடுத்த சித்திரைக்குள் இன்னும் இரண்டு பேரை விளம்பரப் பிரிவின் பக்கம் தள்ளிவிடுங்கள். பக்கத்துத் தாலுகா நிருபர்களிடமும் பேசிப் பாருங்கள். சன்மானத்தை ஏற்றச் சொல்லி ஒருவர் எழுதினால் குப்பைக்கூடை, மாவட்டத்தில் இருக்கும் பகுதி நேர நிருபர்கள் எல்லாரும் சேர்ந்து எழுதினால் யாராவது ஒருவர் பிரித்துப் படிப்பார்.

இப்போதைக்கு ஏரிக்கரைப் படத்தைப் போனில் பெரிதாக்கிப் பாருங்கள். மஞ்சள் பை ஏதாவது தெரிகிறதா? அதன் கழுத்துப் பக்கம் லேபிள் இருக்கிறதா? இல்லையென்றால் மூட்டைகள் அங்கேயே கிடக்கின்றனவா என்று நாளைக் காலையிலேயே போய்ப் பாருங்கள். கையால் தொட வேண்டாம், ஊசி இருக்கும்.